சங்குக்கு வைத்த கடிகாரம்

நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, ஆதாரம் இருக்கிறது. நிலநடுக்கம் நடப்பதற்கு முன்பாகவே அது புதுச்சேரிக்கு வந்து சேர்ந்துவிட்டதாகப் பதிவு செய்த ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். ஒரு தடவை அல்ல, வருஷக்கணக்காக.

பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டது. ஆனால் நாங்கள் எந்தத் தேசம் என்பது காகிதத்தில் முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த காலம். பிரெஞ்சுப் பள்ளியின் ப்ரெவே பரீட்சையில் தோற்ற எனக்கு வேலை கொடுத்தவர், அதே பள்ளியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு தமிழர். ஊரே அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசியே என்றுதான் கூப்பிடும். என்னைத் தேற வைக்க முடியாத வருத்தமோ என்னவோ. உப்பளம் பகுதியில் ஒரு பழைய சரக்குக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, பூமி ஆடுவதைப் பதியும் கருவி ஒன்றைத் தன் பென்ஷனில் நிறுவியிருந்தார். கம்பியில் தொங்கும் இரும்புக் குண்டு, அதிலிருந்து நீளும் ஊசி, அதன் கீழே கடிகாரத்தோடு சுற்றும் உருளை. உருளைமேல் கரி படிந்த காகிதம். பூமி அசைந்தால் கரியில் வெள்ளைக் கோடு நெளியும்.

மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காகிதத்தைக் கருக்குவது என் வேலை. காகிதத்தைவிட என் முகம் நன்றாகக் கருகும். "இன்னா மச்சான், மாப்ள பவுடரா?" என்பார்கள் தெருவில். முதல் மாதம் பதிவான பெரிய நிலநடுக்கம், நான் ஸ்டூலிலிருந்து விழுந்தது.

முசியேவுக்கு ஒரே கேள்வி. அந்தமான், சுமத்திரா பக்கம் கடலுக்கடியில் பூமி ஆடினால், கடல் பொங்கி நம் கரைக்கு வர எவ்வளவு நேரம்? ஆட்டம் சில நிமிஷத்தில் வந்துவிடும். அலை பின்னால் மணிக்கணக்கில் வரும். அந்த இடைவெளி தெரிந்தால் குப்பத்து ஜனங்களை மேட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பார். சுனாமி என்ற சொல் அன்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. ஆட்டத்தின் நேரத்தை எங்கள் கருவி சொல்லும். கடல் ஏறி இறங்கியதைத் துறைமுகத்து மிதவை சொல்லும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் விடை. கணக்கு சரியாக வந்தால் கரையோரம் எச்சரிக்கை மணி வைப்பது பற்றி யோசிக்கலாம் என்று ஓர் அதிகாரிகூடச் சொல்லியிருந்தார்.

ஆக, எல்லாமே எங்கள் கடிகாரத்தை நம்பி இருந்தது. தினமும் பார்க்குக்குப் போய், முனிசிபாலிட்டி ரேடியோவில் மணி கேட்டு, அதற்குச் சரியாகத் திருத்த வேண்டும் என்பது முசியேவின் உத்தரவு.

பார்க் தூரம். நானோ புத்திசாலி. சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஷிப்டு முடிய, துணி மில் சங்கு ஊதினால் கிடங்கில் உட்கார்ந்தபடியே கேட்கும். ஊரே அந்தச் சங்குக்குத்தான் உலை வைத்தது, கடை திறந்தது. நானும் அதற்கே கடிகாரத்தை வைத்தேன்.

முசியே எங்கள் பதிவுகளை வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினார். மரியாதையாகத்தான் பதில் எழுதினார்கள்: உங்கள் ஊருக்கு அதிர்வு, புறப்படும் முன்பே வந்துவிடுகிறது, அதுவும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு அளவில்.

மறுநாள் சாயங்காலம், ரேடியோவுக்குத் திருத்திய கைக்கடிகாரத்தோடு முசியே கிடங்குக்கு வந்தார்.

"எத பாத்துய்யா மணி வெக்கிற?"

"இப்ப ஊதும் முசியே."

அவர் கடிகாரத்தில் ஐந்து ஆயிற்று. ஊதவில்லை. நான் இருமினேன். அவர் சுருட்டு ஒன்றைப் பற்றவைத்தார். அது பாதி கரைந்த பிறகுதான் சங்கு ஊதியது.

"துணிக்கு ஆர்டர் ஜாஸ்தியான மாசம் இன்னும் தள்ளி ஊதுவான் போல," என்றார் முசியே. "வேலக்காரங்ககிட்ட திருடுன நேரத்த நீ கொண்டாந்து என் கருவில வெச்சிருக்க."

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. அதே சங்கு ஊதினால்தான் நானும் வீட்டுக்குக் கிளம்புவேன். மில்லில் சேராமலே மில்லுக்கு இலவசமாக நேரம் கொடுத்த தியாகி நான். இதைச் சொன்னால் முசியே சிரிப்பார் என்று நினைத்துச் சொன்னேன். சிரிக்கவில்லை.

"எந்த மாசம் எவ்ளோ தள்ளி ஊதுனான்னு தெரிஞ்சா எல்லாத்தையும் திருத்திடலாம். போய்க் கேட்டுட்டு வா," என்றார். அவர் குரலில் இருந்த நம்பிக்கையைக் கேட்டபோது, திட்டியிருந்தாலே தேவலை என்றிருந்தது.

மில் வாசலில் டைம் ஆபீஸ் ஜன்னல். உள்ளே டைம் கீப்பர்.

"வாய்யா, முசியே ஆளு. பூமி சௌக்கியமா?"

"சௌக்கியம் சார். சங்கு எந்தெந்த மாசம் எவ்ளோ லேட்டா ஊதுச்சின்னு தெரியணும். யூனியனுக்கு இல்ல, கூலிக்கு இல்ல. எழுதிக்கூடத் தர வேணாம், வாயால சொன்னா போதும்."

"லேட்டா? எவன் சொன்னான்?"

"பூமி சொல்லுதுங்க."

எனக்கே பிடித்த பதில். ஷிப்டுக்கு நின்ற ஆட்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு குரல் மட்டும், "எங்களுக்கும் சேத்துக் கேளுண்ணே," என்றது. காவல்காரன் திரும்பிப் பார்த்ததும் அதுவும் அடங்கிவிட்டது.

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேலியை விட்டுவிட்டுப் பேசினேன். "சார், இந்தக் கணக்கு இல்லன்னா அத்தன வருஷப் பதிவும் அடுப்புக்குத்தான். கடல் பொங்குனா ஓடுறதுக்கு நேரம் இருக்கான்னு குப்பத்துல யாருக்கும் சொல்ல முடியாது. கெஞ்சிக் கேக்குறேன்."

அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பாதி சாத்திக்கொண்டே சொன்னார்:

"சங்கு சரி, நீ பூமிய மாத்திக்க."