கையெழுத்தாகாத மூன்றாம் வகுப்பு

டாக்குரியா ரயிலடிக்குத் தெற்கே குளக்கரையில் இருந்த பெண்கள் பாடசாலையில் இரண்டே வகுப்புகள். வங்காள எழுத்து, முதல் வாசகப் புத்தகம், வாய்ப்பாடு, கொஞ்சம் தையல். கணக்கு பெருக்கலோடு நின்றுவிடும். மேலே படிக்கக் கல்கத்தாவுக்குள் போக வேண்டும். ஒன்பது வயதுப் பெண்ணை யார் அனுப்புவார்கள்?

ஆசிரியை நாகலக்ஷ்மி கும்பகோணத்துக்காரி. கணவர் வெங்கடராமன் கல்கத்தாவில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. வாடகை குறைவென்று இந்தக் கிராமத்தில் குடியிருந்தார்கள். வேறு படித்த பெண்பிள்ளை கிடைக்காததால் ஆறு வருஷமாக வேலை அவளிடமே இருந்தது. வாத்தியாரம்மாவை அந்த ஊரில் திதிமணி என்று கூப்பிடுவார்கள்.

அந்த வருஷம் மூன்றாம் வகுப்பு கேட்டு அவள் மனுப் போட்டிருந்தாள். வகுத்தல், ஜில்லாப் படம், கடிதம் எழுதுவது, உடல்நலப் பாடம் என்று வாரவாரியாகப் பிரித்துப் பாடக்குறிப்பும் எழுதி வைத்திருந்தாள். இன்ஸ்பெக்டர் அதையும் வருகைப் பதிவேட்டையும் பார்த்துக் கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி.

அதற்காக அவளைவிட அதிகமாகக் காத்திருந்தவள் நிஸ்தாரிணி, பால்காரன் ஹாரானின் மகள். இரண்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். ஹாரான் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தான்.

"மூணாம் கிளாஸ் வந்தா இன்னும் ஒரு வருஷம் படிக்கட்டும், திதிமணி. வரலேன்னா துர்கா பூஜை கழிஞ்சு அக்ராஹாயண மாசம் பொறந்ததும் கல்யாணம். பசீர்ஹாட்டு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இதுக்குமேல பொறுக்க மாட்டாங்க."

நவமியன்று மத்தியானம் அதே ஹாரான் மூச்சிரைக்க வந்து நின்றான். இன்ஸ்பெக்டர் ஜமீன்தார் வீட்டுப் பூஜைக்கு வந்திருக்கிறார். மாற்றலாகி நாளைக் காலை ரங்கபூர் கிளம்புகிறார்.

"ரெஜிஸ்டரை எடுத்துக்கிட்டு வாங்க, இங்கேயே கையெழுத்துப் போட்டுடறேங்கறாரு!"

நாகலக்ஷ்மி உள்ளே திரும்பிப் பார்த்தாள். பதிவேடும் குறிப்பும் மணைமேல், பட்டுத்துணிக்கு அடியில், சந்தனமும் குங்குமமும் இட்டு இருந்தன. காலையில் அவளே அடுக்கியது. சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொடுவதில்லை. மறுநாள் புனர்பூஜை ஆனபிறகுதான் எடுக்கலாம்.

"ஏன்னா, என்ன பண்றது?"

பேப்பர்கூடப் படிக்க முடியாமல் விசிறிக்கொண்டிருந்த வெங்கடராமன் நிமிரவில்லை. "பள்ளிக்கூடமும் உன்னுது, பூஜையும் நீ வெச்சது. நான் என்னத்தைச் சொல்ல?"

அவள் மணைவரைக்கும் போனாள். கை நீளவில்லை. வெறுங்கையோடு ஜமீன்தார் வீட்டுக்கு நடந்தாள்.

இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்க வங்காளத்துல சரஸ்வதி மாக மாசத்துலதானே வருவா? மதராஸ்காரங்க வீட்டுக்கு மட்டும் நாலு மாசம் முன்னாடியே வந்துட்டாளா?" பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"காலம்பர கொண்டு வரேன்."

"ஏழு மணிக்குள்ள வாங்கம்மா. வண்டி எனக்காக நிக்காது."

விஜயதசமியன்று விடியுமுன்பே குளித்து, அடுப்பு மூட்டி, நைவேத்தியம் வைத்தாள். புனர்பூஜை ஆனபின் ஒவ்வொரு புத்தகத்திலிருந்தும் ஒரு வரியாவது படிக்க வேண்டும். ஒன்றையும் அவள் விடவில்லை. ஜமீன்தார் வீட்டு வாசலை அடைந்தபோது மணி ஏழு இருபது. வேலைக்காரன் பந்தலடியைப் பெருக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்து ஸ்டேஷன் பக்கம் கையைக் காட்டினான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பி, உலை வைத்தாள்.

விடுமுறைக்குப் பிறகு புது இன்ஸ்பெக்டரிடமிருந்து இரண்டு வரி வந்தது: இந்த வருஷத்து மனுக்கள் முடிந்துவிட்டன, அடுத்த வருஷம் புதிதாக எழுதவும். ஹாரானிடம் படித்துக் காட்டினாள்.

"உங்க சாமி விஷயம், நான் என்ன சொல்றது?" என்றான் அவன். மறுநாள் பால் வழக்கம்போல வந்தது.

கல்யாணத்துக்குப் போனாள். சிவப்புப் புடவைக்குள் நிஸ்தாரிணி சின்னதாக உட்கார்ந்திருந்தாள்.

"திதிமணி, பசீர்ஹாட்ல பாடசாலை இருக்கா?"

"தெரியலியேம்மா."

பெண் தலையாட்டினாள். யாரோ வந்து அவள் முக்காட்டைச் சரிசெய்தார்கள். நாகலக்ஷ்மி பந்தியில் உட்கார்ந்து, மீன் படாத பக்கமாகப் பார்த்துப் பரிமாறிய பூரியையும் சந்தேஷ் இனிப்பையும் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

"சாப்பாடெல்லாம் எப்படி?" என்றார் வெங்கடராமன்.

"நன்னா இருந்தது," என்றாள்.