பூக்களோடு இறங்கிய தீவு

எழுபது வயதை நெருங்கும்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினேன். ஒஸ்லோவில் ஹோட்டல் குசினியில் வேலை செய்த காலமெல்லாம் சுரங்க ரயில் நிலையத்தின் பெயரைக்கூட மனைவிதான் வாசித்துச் சொல்வாள். தமிழும் நோர்வேஜிய எழுத்தும் பிடிபட்டதும், தெரியாத ஊர் ஒன்றில் பெயர்ப் பலகைகளை நானே வாசித்து நடக்க ஆசை வந்தது. 2009 மே மாதம் மகள் எங்கள் இருவரையும் வெனிஸுக்குக் கூட்டிப்போனாள். மெதுவாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒஸ்லோவிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரம். பிறகு பஸ். பஸ் நகரத்தின் வாசலோடு நின்றுவிடும். அதற்கப்பால் வாய்க்கால்களும் பாலங்களும்தான், காரே இல்லை. சந்து மூலைகளில் வெள்ளைக் கட்டத்துக்குள் கறுப்பு எழுத்தில் தெருப் பெயர் எழுதியிருக்கிறார்கள். ஒன்றையும் விடாமல் நின்று வாசித்தேன். மனைவிக்கு முழங்கால் நொந்தது.

மூன்றாம் நாள் ஞாயிறு. அன்று மாலை விமானம். மகள் அருங்காட்சியகம் பார்க்க விரும்பினாள். மனைவிக்கோ லேஸ் பின்னும் புரானோ தீவைப் பார்க்க ஆசை. நான் கூட்டிப்போகிறேன் என்றேன். ஐந்து மணிக்குள் பஸ் நிலையத்துக்குத் திரும்பிவிட வேண்டும். வழி பிழைத்துப்போனால் விமானம் போய்விடும். இனி எந்த ஊருக்குப் போனாலும் நான் மகளின் பின்னால்தான் நடக்க வேண்டிவரும்.

“நான் வாயே திறக்கமாட்டன்,” என்றாள் மனைவி. “நீங்களே வாசிச்சுக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

நகரத்தின் வடக்குக் கரையில் படகு ஏறினோம். படகின் இலக்கத்தைச் சரியாகத்தான் வாசித்தேன். ஆனால் உள்ளே பாதிப் பேரின் கையில் பூங்கொத்து. சில நிமிடங்களில் செங்கல் மதில் சூழ்ந்த ஒரு தீவு வந்தது. மதிலோரம் வெள்ளைத் தேவாலயம். பூ வைத்திருந்தவர்கள் எல்லோரும் எழும்பினார்கள். இத்தனை பேர் பூவோடு போனால் அது திருவிழாதானே? பலகையைப் பார்க்கவேயில்லை.

“இறங்கும், பூசை நேரம் போலை,” என்றேன்.

வாசலைத் தாண்டினால் வரிசை வரிசையாகக் கல்லறைகள்.

“இது சுடலையெல்லோ!” என்றேன்.

“ஓம்.”

“உமக்குத் தெரியுமோ?”

“துறையிலை ‘சிமிட்டேரோ’ எண்டு பெரிசா எழுதிக் கிடந்தது. இங்கிலீசிலையும் கிட்டத்தட்ட உந்தச் சொல்லுத்தான். வாசிக்கிறது நீங்கள், பிறகு நான் ஏன் வாய் திறப்பான்?”

எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. திரும்புவோம் என்றேன். அவள் அசையவில்லை.

“அம்மாவைக் கொண்டு போகேக்கை நான் வீட்டுப் படலையோடை நிண்டிட்டன். அதுக்கு அங்காலை என்ன கிடக்கெண்டு ஒருநாளும் பார்க்கேல்லை. அதுதான் பேசாமல் இறங்கினனான். கொஞ்சம் நிப்பம்.”

நின்றோம். உயர்ந்த ஊசியிலை மரங்கள். ஒரு கிழவர் ஈரத்துணியால் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். “வாசியுங்கோ,” என்றாள் மனைவி. முன்பின் தெரியாதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, எழுத்தெழுத்தாக வாசித்தேன். என்னைவிட வேகமாக வாசிக்கத் தெரிந்தவள் கேட்டுக்கொண்டே நடந்தாள்.

வெளியே வரும்போது பூச்செடிகளுக்கு நீர் பிடிக்கும் குழாயைத் திறந்து தன் தலையில் கொஞ்சம் தெளித்தாள், என் தலையிலும் தெளித்தாள். “குளிச்ச கணக்கிலை இருக்கட்டும்.”

போகும் படகும் திரும்பும் படகும் ஒரே மிதக்கும் மேடைக்குத்தான் வருகின்றன. இந்த முறை இலக்கம், திசை, அடுத்த துறை எல்லாவற்றையும் வாசித்தேன். பக்கத்துத் தீவான முரானோவின் வெளிச்சவீட்டுத் துறையில் பெரிய படகுக்கு மாறினோம். அரை மணி நேரத்தில் புரானோ. வீட்டுக்கு வீடு வேறு நிறம். மனைவி மேசை லேஸ் ஒன்று வாங்கினாள். ஐந்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போதே பஸ் நிலையத்தில் நின்றோம்.

“இடம் மாறிக் கீறிப் போகேல்லையே?” என்று மகள் கேட்டாள்.

“அப்பா வாசிச்சுக் கூட்டிக்கொண்டு போனவர்,” என்றாள் மனைவி. “பார்க்கவேண்டிய இடமெல்லாம் பார்த்தம்.”

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். படகுக்கு ஒருநாள் டிக்கெட் வாங்குங்கள், நாங்கள் போனபோது 18 யூரோ. எத்தனை தீவில் வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம். முழங்கால் நோ உள்ளவர்கள் பாலங்களை எண்ணிப் புறப்படுங்கள். இலக்கத்தோடு துறையின் பெயரையும் வாசியுங்கள். பூவோடு போகிறவர்களின் பின்னால் இறங்கிவிட்டால் பதற வேண்டாம், ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். திரும்பி வரும் வழியில், வாசலுக்குக் கிட்ட, குழாய் இருக்கிறது.