பக்கத்து வீட்டில் ஒரு காப்பி

கொடைக்கானலில் நான் வீட்டுத் தரகு பார்க்கிறேன். இப்போது வருகிறவர்கள் படம், விலை எல்லாவற்றையும் போனிலேயே பார்த்துவிட்டு, கதவைத் திறந்துவிட மட்டும் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

சென்னையிலிருந்து வந்த வயதான தம்பதியும் அப்படித்தான். அவர்கள் பார்த்து வைத்திருந்த பூம்பாறை கிராமத்து வீட்டுக்குப் போனபோது ஒரே மூடுபனி. படத்தில் இருந்த பள்ளத்தாக்கு கண்ணிலேயே படவில்லை. அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. பனி விலகும்வரை உட்காரலாமென்று பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போனேன். பூண்டு ஆய்ந்துகொண்டிருந்த அந்த வீட்டு அக்கா எழுந்து காப்பி போட்டுக் கொடுத்தார்.

“இங்க தண்ணி எப்படிங்க?” என்று கணவர் கேட்டார்.

“சித்திரையில தட்டுப்பாடுதாங்க. எங்க தொட்டியில எடுத்துக்கிடலாம். ராத்திரி காட்டுமாடு வரும், வெளிய வந்துறாதீங்க. மேலுக்கு முடியலைன்னா ஒரு சத்தம் குடுங்க, வெரசா ஓடியாந்துருவேன்.”

வியாபாரம் போச்சு என்று நினைத்தேன். அந்த அம்மாவோ சிரித்துவிட்டார். “சென்னையில எதிர் ஃபிளாட்ல யாருன்னே எங்களுக்குத் தெரியாது. இந்த வீடே போதும்ங்க.”

அன்று பனி விலகவேயில்லை. ஆனாலும் வாங்கினார்கள். அதிலிருந்து யார் வந்தாலும் முதலில் பக்கத்து வீட்டுக்குத்தான் கூட்டிப்போகிறேன். சில இடங்களில் சண்டைக்காரர்களும் இருப்பார்கள். அதுவும் தெரிய வேண்டியதுதானே! எல்லாம் போனில் வந்தும் எனக்கு வேலைக்குக் குறைவில்லை.