மிஸ்டர் அக்ராய்டு காற்று வாங்கிய கதை

இங்கிலாந்தில், ஹாலிஃபாக்ஸில் ஒரு குழாய்ச் சாமான் கடை வரிசையில்தான் கிளிஃபர்ட் சக்டனை நான் முதன்முதலில் பார்த்தது. எழுபது வயது, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கவுண்டருக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, பின்னால் வருகிறவர்களையெல்லாம் முன்னால் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"நீங்க போங்க தம்பி, எனக்குச் சும்மா ஒரு கேள்விதான்."

இப்படி ஏழு பேர் போனார்கள். அந்த ஒரு கேள்வியில்தான் அவர் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது.

மனைவி மோரீனுக்கு இடுப்பு மூட்டு மாற்றியிருந்தார்கள். குளியல் தொட்டிக்குள் இனிமேல் இறங்க முடியாது. தொட்டியைப் பெயர்த்துவிட்டு, நின்று குளிக்கத் தளம் போட்டார் கிளிஃபர்ட். ஆனால் தண்ணீர் வரவேண்டுமே. மச்சில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்கும் ஷவருக்கும் இடையே மூன்றடி உயரம்கூட இல்லை; ஷவர் ஜலதோஷக்காரன் மூக்குபோல ஒழுகிற்று.

"ஷவர்னு சொல்ற மாதிரி ஒண்ணு வந்தா சொல்லுங்க, வர்றேன்" என்று மோரீன் கடற்கரையோரம் பிரிட்லிங்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். ஒன்பது வாரம் ஆயிற்று. போனில் அவர் குரல் வாரத்துக்கு வாரம் சந்தோஷமாகிக்கொண்டே போனது. கிளிஃபர்டுக்குப் பயம் பிடித்தது அதனால்தான்.

கடைக்காரர் டேரன் பொறுமைசாலி. "மச்சுத் தொட்டியிலருந்து ஒரு குழாய், சுடுதண்ணி சிலிண்டர்லருந்து ஒரு குழாய். பம்பு ரெண்டையும் சமமா இழுத்துத் தள்ளும். உங்க வீட்டுக்குச் சின்னதே போதும்."

"மச்சினி வீட்டுல என்ன இருக்கோ, அதுக்கு ஒரு படி மேல வேணும்."

"அதுக்கு மேலன்னா ஓட்டலுக்குப் போடறதுதான் இருக்கு."

"அதையே குடுங்க."

"சரி. மாட்டும்போது இன்னொண்ணு கவனிக்கணும்…"

"பரவால்லப்பா, பின்னால ஆளு நிக்கிறாங்க" என்று கிளிஃபர்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

சிலிண்டர் இருந்த அலமாரிக்குள், பலகைத் தரையில், நாலு திருகாணி போட்டுத் தாமே இறுக்கினார். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஷவரைத் திறந்தார். சோப்பு பறந்தது. திரை அவரைச் சுற்றி ஈரத்துணியாக ஒட்டிக்கொண்டது. வீடு முழுக்க மாவு மில் ஓடுவதுபோல் ஒரு ரீங்காரம். அந்த அலமாரிச் சுவருக்கு மறுபக்கம்தான் மிஸ்டர் அக்ராய்டின் படுக்கையறை. முப்பத்தோரு வருட அண்டை வீட்டுக்காரர், இன்னும் 'மிஸ்டர்'தான்.

தலையைத் துவட்டிக்கொண்டே ஜன்னல் வழியே பார்த்தார் கிளிஃபர்ட். மிஸ்டர் அக்ராய்டு இரவு அங்கியோடு தம் வீட்டு வாசல் கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். தூறல் வேறு.

கிளிஃபர்ட் கதவைத் திறந்து கேட்டார். "எல்லாம் சௌகரியந்தானே?"

"பிரமாதம். சும்மா காத்து வாங்கலாம்னு."

இரண்டாம் நாள் தேநீர்க் கோப்பையோடு வந்தார். மூன்றாம் நாள் நாற்காலியோடு. நான்காம் நாள் கூண்டோடு, உள்ளே அவருடைய கிளி பெர்சி.

"அவனுக்கும் காத்து வேணும்ல."

சத்தமா என்று கேட்டால் மிஸ்டர் அக்ராய்டு பொய் சொல்லவேண்டி வரும். ஒரு மனுஷனை அந்த நிலையில் நிறுத்தலாமா என்றுதான் கிளிஃபர்ட் கேட்காமலிருந்தார். சொன்னால் கிளிஃபர்ட் வருத்தப்படுவார் என்று அவரும் சொல்லவில்லை. போனில் மோரீன் மட்டும் கேட்டார்: "பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லையே? இருந்தா நான் வரமாட்டேன், பாத்துக்கங்க."

"ஒண்ணுமில்ல கண்ணு. அவர் நிம்மதியா காத்து வாங்கறாரு."

சனிக்கிழமை காலை மோரீனை அழைத்து வந்தார். பயண அலுப்புத் தீரக் குளிக்கட்டும் என்று, அவர் படியேறுவதற்குள் ஓடிப்போய் ஷவரைத் திறந்தும் விட்டார். வாசலில் ஊன்றுகோலோடு நின்ற மோரீன், கொட்டுகிற மழையில் கூண்டோடு வெளியே வந்த மிஸ்டர் அக்ராய்டைப் பார்த்தார்.

"என்ன மிஸ்டர் அக்ராய்டு, எங்க பம்பா?"

"சேச்சே. அப்படி ஒண்ணும் காதுலயே விழல."

மேலே கிளிஃபர்ட் ஷவரை மூடினார். வீடு அடங்கியது. ஆனால் ரீங்காரம் நிற்கவில்லை. கூண்டுக்குள்ளிருந்து வந்தது. பெர்சி தொண்டையை உப்பவைத்து, அச்சு அசலாக, ஓட்டல் பம்பு ஓட்டிக்கொண்டிருந்தது.

"காலையில கொஞ்சம் பாடுவான்" என்றார் மிஸ்டர் அக்ராய்டு, தரையைப் பார்த்தபடி.

மோரீன் தம் துணிப்பெட்டியை உள்ளே எடுக்கவில்லை. வாசலில் நின்றபடியே கடைக்குப் போன் போட்டார். டேரன் அன்று சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தார்: பலகையில் திருகவே கூடாது, தடித்த ரப்பர் விரித்து, அதன்மேல் ஒரு நடைபாதைக் கல், கல்லின்மேல் பம்பு.

"இத அவர்கிட்ட சொல்லலியா நீங்க?"

"சொல்ல விட்டாத்தானே, அம்மா."

கிளிஃபர்ட் தோட்டத்தில் ஒரு கல்லைப் பெயர்த்து மூச்சிரைக்க மாடிக்குச் சுமந்தார். மதியம் பம்பு ஓடியது. பூனை உறுமுகிற அளவுதான். அதன் பிறகே பெட்டி உள்ளே வந்தது.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மோரீன் தினமும் காலை ஏழு மணிக்குக் குளிக்கிறார். தங்கை வீட்டு ஷவரைப் பற்றி இப்போது இளப்பமாகத்தான் பேசுகிறார். கடை வரிசையில் கிளிஃபர்ட் இன்னமும் மற்றவர்களை முன்னால் விடுகிறார். மிஸ்டர் அக்ராய்டு, காற்று வாங்குவதாகச் சொல்லிவிட்ட பாவத்துக்கு, தினமும் ஏழு மணிக்கு நாற்காலியோடு கேட்டருகே உட்கார்ந்திருக்கிறார். பெர்சி மட்டும் உள்ளே, படுக்கையறையில், பம்பு ஓட்டிக்கொண்டிருக்கிறது.