ஒரு விரல் பட்டால் போதும்

பெரிய மீன் பிடிக்கும் தூண்டில் ரீல்களுக்குப் பிரேக் சரிசெய்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எங்கள் தூண்டில் சங்கத்தில் எல்லோருக்கும் அவள் 'பிரேக்கக்கா'. ஆள் உயரச் சூரை மீன் இழுக்கிற இழுப்பில் தூண்டில் நரம்பு பட்டென்று அறுந்துவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது அந்தப் பிரேக்தான். வீட்டு முன்னறைதான் பட்டறை. ஒரு மேசை, கிரீஸ் டப்பா, பல் டாக்டரிடம் இருப்பதுபோல ஒரு வளைகிற விளக்கு. யாருடைய ரீலையும் பிரிப்பாள், சங்கத் தலைவருடையதை மட்டும் தொடமாட்டாள். ஏழு வருஷமாகத் தொடவில்லை.

காரணம், உள்ளறையில் இடது கையால் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும் அவள் கணவர். தலைவரின் படகில் வேலை பார்த்தவர். மீன் படகருகே வந்ததும் கடைசித் தடித்த நரம்பைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுப்பது அவர் வேலை. அன்றைக்கு மீன் திடீரென்று அடியாழத்துக்குப் பாய்ந்தது. சுற்று கழலவில்லை. "அறுங்க, அறுங்க!" என்று அவர் அலறினார். படகோட்டி கத்தியோடு ஓடி வந்தான். தலைவர் தூண்டில் கோலோடு நாற்காலியில் இருந்தபடியே, "அறுக்காத, மீன் போயிடும்" என்றார்.

மீன் போகவில்லை. வலது கை மணிக்கட்டோடு போயிற்று. அந்த மீனுக்குப் பக்கத்தில் தலைவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் படம் இன்னமும் சங்கச் சுவரில் தொங்குகிறது. ஆஸ்பத்திரிக்கு ஒரு கூடைப் பழம் வந்தது, அனுப்பியவர் வரவில்லை. எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது, அவளுக்கு எப்படி எரிந்திருக்கும்?

நான் அந்தச் சங்கத்தின் போட்டிச் சாட்சி. படகுக்கு ஒருவர் ஏறுவோம். மீன் மாட்டியது முதல் அது படகில் ஏறும்வரை, பிடிப்பவர் தனியாகத்தான் போராட வேண்டும்; கடைசி நரம்பை இழுக்க மட்டும் ஆள் வைத்துக்கொள்ளலாம். கோலையோ ரீலையோ இன்னொருவர் விரல்நுனி தொட்டால்கூட மீன் செல்லாது. எவ்வளவு பெரிய மீனானாலும் செல்லாது. அதைப் பார்த்துத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை.

போன வருஷப் போட்டிக்கு முன்னால் தலைவரே ரீலைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தார். அறுபத்தெட்டு வயது, முதுகுவலி. சங்கத்தின் சாதனை எடையை முறியடித்துவிட்டுத்தான் ஓய்வு என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தார். "உன் கை பட்டா ரீல் பேசும்னு சொல்றாங்கம்மா. படகுக்கும் கூடவே வந்துடு" என்றார். அவள் யாருடைய மனைவி என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. அவள் சரியென்று தலையாட்டினாள்.

பிரேக்கைக் கெடுத்துவைக்கப் போகிறாள் என்றே நினைத்து, தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, வம்பு எதுவும் பண்ணிடாத" என்றேன்.

"என் வேலையில இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்லண்ணே. இவரும் சொல்ல மாட்டாரு" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். அப்படியொரு பிரேக்கை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

காலை ஒன்பதரைக்கு மீன் மாட்டியது. தலைவர் சுழல் நாற்காலியில் இடுப்புப் பட்டையோடு உட்கார்ந்து நான்கு மணி நேரம் மல்லுக்கட்டினார். ரீல் அலறியதே தவிர ஒரு தடவைகூடத் திக்கவில்லை. அவள் பக்கத்தில் நின்று, கை படாமல், சூடேறும் ரீல்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். தலைவரின் உள்ளங்கை கிழிந்தது, உதடு வெடித்தது. ஒரு கட்டத்தில், "முடியலம்மா, விட்டுடட்டுமா?" என்று அழாத குறையாகக் கேட்டார். "விடாதீங்க சார், இன்னும் கொஞ்சந்தான்" என்று தேற்றியவளே அவள்தான். பிரேக்கைக் கெடுத்திருந்தால் அரை மணியில் நரம்பு அறுந்து, 'கெட்ட நேரம்' என்று அவர் எழுந்து போயிருப்பார். அது அவளுக்குப் போதாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒன்றரை மணிக்குச் சூரை மேலே வந்தது. பழைய சாதனையையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற உடம்பு. தலைவர் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார். அவள் தண்ணீர் வாளியைக் கீழே வைத்தாள். சுட்டுவிரலை நீட்டி, என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே, கோலின்மேல் வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை.

"தொட்டுட்டேண்ணே. எழுதிக்கோங்க."

எழுதினேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகவே எழுதினேன். அவள் கத்தியை எடுத்து நரம்பை அறுத்துவிட்டாள்.

தலைவர் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் திட்டித் தீர்த்துவிட்டு, "உனக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்று கேட்டார். கணவர் பெயர், அந்தத் தேதி, அந்தக் கை, எல்லாவற்றையும் சொன்னாள். ஏழு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு, ஒரு வார்த்தை பிசகவில்லை.

தலைவர் நெற்றியைச் சுருக்கினார். "யாரு? எத்தனையோ பேர் வந்து வேலை பார்த்தாங்க... எந்தக் கை?"

நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. அவள் முகம் தொங்கிப்போனது.

கரை சேர்ந்ததும் அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தாள். தனியாக அனுப்ப மனசு வராமல் நானும் வீடுவரை போனேன். யாரோ போன் பண்ணியிருக்க வேண்டும், அவள் கணவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"எனக்காகத்தான்னு சொன்னியா? என்னை ஞாபகம் இருந்துச்சா அவருக்கு?"

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். "இருந்துச்சுங்க. உங்க பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாரு."

அவர் என் பக்கம் திரும்பினார். "நிஜமாவாண்ணே?"

"என் கண்ணால பார்த்தேன்பா" என்றேன். "தேம்பித் தேம்பி அழுதாரு."