மருந்துக்கடைக்காரனுக்காக ஒரு சண்டை

ஸ்ட்ரோக் வந்த பிறகு என் கணவருக்குக் கை கால் ஒருவாறு திரும்பிவிட்டது. பேச்சுத்தான் திரும்பவில்லை. நடப்பார், கோப்பை கழுவுவார், சட்டைப் பொத்தானைத் தானே பூட்டுவார். வாயைத் திறந்தால் மட்டும் ஒரு சொல் வரும், அடுத்தது வராது. சொற்கள் எல்லாம் தலைக்குள் பத்திரமாக இருக்கின்றன, வெளியே வரும் வழியில்தான் அடைபடுகின்றன என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த வெள்ளைக்காரப் பிள்ளை விளக்கினாள். இனிமேல் வருமா என்று கேட்டேன். வாயைப் பழக்கப் பழக்க வரலாம், சும்மா விட்டால் வராமலும் போகலாம் என்றாள். அன்றோடு என் நித்திரை போய்விட்டது.

அவள் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டுமாம். பக்கத்தில் நின்று சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாதாம். இதை எங்கள் சனத்திடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்! ஒரு மனுசன் ஒரு சொல்லுக்காகத் திண்டாடும்போது வாயைப் பொத்திக்கொண்டு பார்த்திருப்பதா? அது எங்களுக்குக் கல்நெஞ்சு. லண்டன் ஸ்ட்ரெதத்தில் எங்கள் வீட்டுக்கு வருத்தம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் திராட்சைப் பழத்தோடு சொற்களையும் கொண்டுவந்தார்கள். அவர் “த...” என்று தொடங்குவார். “தண்ணியோ? தலையிடியோ? தலாணி வேணுமோ?” என்று நாலு பக்கமும் இருந்து வந்து விழும். பாவம், கடைசியில் ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டுச் சாய்ந்துவிடுவார். டொக்டர் கேட்டாலும், ஊரின் மறுகோடியில் குட்மேய்ஸிலிருந்து அவருடைய அக்கா போன் எடுத்தாலும் பதில் சொல்வது நான்தான். வேறென்ன செய்வது?

இத்தனைக்கும் அவர் எப்பேர்ப்பட்ட வாய்க்காரர்! லண்டனுக்கு வருமுன் நாங்கள் ஜேர்மனியில் இருந்தோம். அகதியாகப் போய் இறங்கி, வேலை செய்ய அனுமதி இல்லாமல் முகாமில் கிடந்த நாட்களில், அங்கே யாரோ விட்டுப்போன ஒரு கொலை நாவலை அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்துத்தான் அவர் அந்தப் பாஷையைப் பிடித்தார். கொன்றவன் யார் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும் கதை அது. ஒரு சின்னப் பட்டணத்தில் மருந்துக்கடைக்காரன் ஒருவன் தன் கூட்டாளியைக் கொன்றுவிடுகிறான். ஒருவருக்கும் அவன்மேல் சந்தேகம் இல்லை. தினமும் கடையைத் திறந்து, இருமலுக்கும் சளிக்கும் மருந்து கொடுத்துக்கொண்டு இருக்கிறான். அவன் மனசு அவனைப் படுத்தும் பாடுதான் முழுக்கதையும். கலியாணம் கட்டிய புதிதில் இதை எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார்! நான் ஒருநாளும் முடிவு வரைக்கும் விழித்திருந்ததில்லை.

அந்த நாவல் இப்போது படமாக வந்திருந்தது. கண்டுபிடித்தது மகள். “அம்மா, அப்பாட புக் படமா வந்திருக்கு. ஜேர்மன்லதான். டிக்கட் புக் பண்ணிட்டன், யூ ஜஸ்ட் கோ,” என்றாள். வெயில் எறித்த ஒரு மத்தியானம், நாங்கள் இரண்டு பேரும் பஸ் எடுத்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனோம். சின்னத் தியேட்டர். எங்களோடு சேர்த்து ஒரு கை விரலுக்குள் அடங்கும் சனம்.

படம் தொடங்கியதும் அவர் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். உதடுகள் அசைவதைப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. கடைசியில் ஒரு இளம் பொலிஸ் அதிகாரி அந்த மருந்துக்கடைக்காரனைத் துறைமுகத்தில் வைத்து மடக்கிப் பிடித்தான். பிடித்துவிட்டு, கொலை எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்று எல்லாருக்கும் முன்னால் ஒன்றுவிடாமல் விளக்கினான். கைவிலங்கோடு நின்றவன் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த முடிவு நன்றாகத்தான் இருந்தது.

லைட் போட்டார்கள். இவர் எழும்பவில்லை. முகம் சிவந்து போயிருந்தது.

“பி... பிழை,” என்றார்.

நான் அவர் பக்கம் குனிந்தேன். “என்ன பிழை? கால் விறைச்சுப் போச்சோ? தலை சுத்துதோ? நெஞ்சுக்கை ஏதுமோ?”

கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். மெல்ல எழும்பி வந்து, என்னோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். சமாதானப்படுத்துவோம் என்று நினைத்து, “நல்ல முடிவுதானே. அந்தப் பொலிஸ் பெடியன் எவ்வளவு கெட்டிக்காரன்!” என்றேன்.

“வி... விசரி!” என்றார்.

முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு காலக் குடும்ப வாழ்க்கையில் என்னை விசரி என்றதற்கு நான் சந்தோசப்பட்டது அன்றைக்குத்தான். எத்தனை மாசத்துக்குப் பிறகு ஒரு ஏச்சு! சரி, இந்த மனுசனைச் சண்டைக்கு இழுத்துப் பார்ப்போம் என்று துணிந்துவிட்டேன்.

“நான் மூளைகெட்ட விசரியெண்டால் நீங்கள் சொல்லுங்கோவன். புத்தகத்திலை என்ன முடிவு?”

கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தேன். ஐயோ, அது லேசுப்பட்ட காரியமா? செத்துப்போனானோ, தப்பியோடினானோ என்று சொற்கள் என் நாக்கில் வந்து வரிசையில் நின்றன. உதட்டைக் கடித்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தேன். பஸ் பாலத்தைக் கடந்தது. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். அவர் தொண்டையைச் செருமுவதும், தொடங்குவதும், விடுவதும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்கப் பொறுக்கவில்லை, ஆனாலும் திரும்பவில்லை.

“ஒருத்தரும்... பிடிக்கேல்லை,” என்றார் கடைசியில்.

நான் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவன்... தானே போனவன். பொலிசுக்கு. ஒருத்தரும்... கேக்கேல்லை. தன்ர... தன்ர வாயாலை... சொன்னவன்.” முழங்காலில் ஓங்கி ஒரு அடி அடித்தார். “அதுதான்... கதை!”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொலைகாரனுக்காக இப்படிக் கொதிக்கிறாரே என்று இல்லை. படம் எடுத்தவர்கள் அந்த மனிதனின் வாயில் இருந்ததைப் பறித்து வேறொருவன் வாயில் வைத்துவிட்டார்கள். அவன் தன் கதையையே இன்னொருவன் சொல்லக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து நின்றான். அந்த நிற்பை நான் எங்கள் வீட்டு ஹோலில் தினமும் பார்க்கிறேன்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. குட்மேய்ஸ் மச்சாள்தான். படத்துக்குப் போனது மகள் சொல்லித் தெரிந்திருக்கும்.

“பிள்ளை, தம்பி என்ன மாதிரி? ஏதும் கதைக்கிறாரோ?”

பதில் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

“அவரிட்டையே கேளுங்கோ மச்சாள். கேட்டிட்டுப் பொறுத்திருங்கோ,” என்று சொல்லிப் போனை அவர் கையில் வைத்தேன்.

மச்சாளாவது பொறுப்பதாவது! “தம்பி, சாப்பிட்டனியோ? படம் பிடிச்சுதோ? குளிருதோ?” என்று அக்காக்காரி கொட்டிய கொட்டு எனக்கே கேட்டது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். தலையாட்டிவிட்டுப் போனைத் திருப்பித் தந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் போனை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.

“அக்கா,” என்றார். “சும்மா இரு. நான்... சொல்லுறன்.”