தலைகீழாகப் படித்த நாலாம் வகுப்பு

வாத்தியார் உத்தியோகத்தில் பையனுக்குப் பரீட்சை என்று தனியாக ஒன்று கிடையாது. டிப்டி இன்ஸ்பெக்டர் வருகிற அன்று பரீட்சை முழுக்க வாத்தியாருக்குத்தான். பிரம்பும் தொண்டைக்கட்டுமாகக் காலம் தள்ளும் சக வாத்தியார்மார்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள். சீமையில் புது ராஜாவுக்குப் பட்டம் கட்டி ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தார்களே, அந்தச் சமயம் திருநெல்வேலி டவுனில் ஒரு முனிசிபல் பள்ளிக்கூடத்தின் நாலாம் வகுப்பு என் தலையில் விழுந்தது.

மானம் போன நாள்

எங்களிடம் பாடப் புத்தகம் நாலு பையனுக்கு ஒன்று. அதைத் தரையில் விரித்து வைத்து, நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து படிப்பார்கள். இன்ஸ்பெக்டர் வந்ததும் ஜட்கா வண்டிக்காரர் மாடசாமியின் மகன் சுடலைமுத்துவை எழுப்பிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். பயல் அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கடகடவென்று வாசித்தான். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

எல்லாம் நெட்டுரு என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டி, வகுப்பு முழுவதையும் பெயிலாக்கிவிட்டார். அடுத்த வருஷமும் இப்படியே இருந்தால் நாலாம் வகுப்பை மூட எழுதிவிடுவதாகச் சொன்னார். படியிறங்கும்போது என் பக்கம் திரும்பினார்: "ஓய், உம்ம பையன் வாசிக்கலை, ஒப்பிக்கான். கிளிகூட ஒப்பிக்கும், ஆனா அது புஸ்தகத்தைத் தலைகீழாப் பிடிக்காது."

குதிரைக்குப் புல்

வகுப்பை மூடினால் வசதியுள்ளவன் சம்பளம் கட்டி வேறு பள்ளிக்கூடம் போவான். எங்கள் பையன்களுக்கு அத்தோடு படிப்பு சரி. மறுநாளே ஜட்கா நிற்கிற இடத்துக்குப் போய், பயலை மட்டம் போடாமல் அனுப்பும்படி மாடசாமியிடம் கெஞ்சினேன். அவன் கலெக்டர் கச்சேரியில் உத்தியோகம் பார்ப்பான் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அளந்தேன். மாடசாமி குதிரைக்குக் கொள்ளு வைத்தபடியே பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி வாத்தியாரய்யா, அனுப்புதேன். வகுப்பை மூடிட்டாவன்னா அன்னைக்கே பய புல்லறுக்க வந்திரணும். இன்ஸ்பெக்டருக்காவ நாம காத்திருக்கலாம், குதிரை காத்திருக்காதுல்லா?"

நாடக நோட்டீஸ்

நெட்டுருவை ஒழிக்க ஒரே வழி, பையன்கள் அதுவரை பார்த்தே இராத எழுத்தைக் கொடுப்பது. ஒரு நாடகக் கம்பெனி அப்போது ஊரில் கொட்டகை போட்டிருந்தது. மாடசாமி வண்டியில்தான் மேளம் தட்டி நோட்டீஸ் போட்டார்கள். மிச்ச நோட்டீஸ் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. ஒன்றை எடுத்துச் சுடலைமுத்துவிடம் நீட்டினேன். வாங்கினான், தலைகீழாகத் திருப்பினான், ராஜபார்ட்டின் பிரதாபம் தொடங்கி 'ஸ்திரீகளுக்குத் தனி இடம்' வரை ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்தான்!

நோட்டீஸை நேராக்கிக் கொடுத்தேன். எழுத்தெழுத்தாகத் தடவி நொண்டினான். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. வட்டத்தில் அவன் இடம் எப்போதும் புத்தகத்துக்கு எதிர்ப்பக்கம். தலைகீழாகவே பார்த்துப் பார்த்து அப்படியே வாசிக்கப் பழகிவிட்டான். "ஏம்லே சொல்லலை?" என்றேன். "அவனவன் இடத்துலேர்ந்து எப்படித் தெரியுதோ அப்படித்தான் படிக்கணும்னு நெனச்சேன் சார்" என்றான். பக்கவாட்டில் உட்கார்ந்தவன்களைப் பிடித்து வாசிக்கச் சொன்னேன். அத்தனை பேரும் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வாசித்தான்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. என் பையன்கள் கிளிகள் அல்ல!

அன்றிலிருந்து மணி அடிக்கும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு இடம் நகர வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த ஹெட்மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்: "வே தேவசகாயம், உள்ளே பாடம் நடக்கா, கும்மி அடிக்கானுவளா?"

பேனா மை தொட்ட நேரம்

அடுத்த வருஷம் இன்ஸ்பெக்டர் மாடசாமியின் ஜட்காவிலேயே வந்து இறங்கினார். நேராகச் சுடலைமுத்துவிடம் போய், தம் பையிலிருந்து அன்றைய பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். பயல் பணிவாகக் கேட்டான்: "நேரா வாசிக்கட்டுமா சார், தலைகீழாவா?" திமிர் என்று நினைத்து அவர் கண்ணை உருட்டினார். நான் குறுக்கே விழுந்து கதை முழுவதையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. இரண்டு விதமாகவும் வாசிக்கச் சொன்னார். வாசித்தான். மற்றவர்களையும் ஒவ்வொருவராக எழுப்பினார். ஒருவன்கூடத் திக்கவில்லை.

அவர் மேஜைமுன் உட்கார்ந்து தம் முடிவைத் தமிழிலேயே எழுத ஆரம்பித்தார். எதிரே நின்ற சுடலைமுத்து பழக்கதோஷத்தில் அதை உரக்க வாசிக்கலானான்: "நாலாம் வகுப்பை நிறுத்த..." அந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் பேனாவை மையில் தொட்டார். வாசலில் மாடசாமியின் சாட்டை கை நழுவி விழுந்தது. பேனா மறுபடி ஓடியது, சுடலைமுத்து கத்தினான்: "வேண்டியதில்லை! ஐந்தாம் வகுப்பும் ஆரம்பிக்கலாம்!" கூரை ஓடு பறக்கிற மாதிரி பையன்கள் ஒரு சத்தம் போட்டான்கள் பாருங்கள்! மாடசாமி உள்ளே பாய்ந்து மகனை அப்படியே தூக்கிக்கொண்டார். நானும் கூச்சமில்லாமல் கைதட்டினேன்.

இன்ஸ்பெக்டர் எழுதியதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு சிரித்தார்: "ஏ பயலே, என் கையெழுத்தை என் வீட்டுக்காரியே நேரா வச்சு வாசிக்க முடியாம முழிக்கா, நீ எதுத்தாப்ல நின்னு வாசிக்கியே!"

ஐந்தாம் வகுப்பு ஜாம்ஜாமென்று தொடங்கியது. புத்தகம் மட்டும் அங்கேயும் நாலு பேருக்கு ஒன்றுதான் கொடுத்தார்கள்.